ஈயத்தின் குடும்பம்

விரல்சாட்சி என்று அந்தப் பெட்டிக்குப் பெயர் வைத்தவர் யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்பேன். சாட்சி என்றால் குறுக்கு விசாரணை செய்ய முடிய வேண்டும். இதனிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்க முடியாது. சூட்கேஸ் அளவுதான் இருக்கும், ஊருக்கு ஊர் போலீஸ் ஸ்டேஷனில் ஒன்று உட்கார்ந்திருக்கும். கையில் இருக்கும் தூசியைக் கறுப்பு ஒட்டுநாடாவில் ஒற்றி எடுத்து உள்ளே வைத்தால் எலெக்ட்ரான் கற்றை அதன்மேல் விழும். தூசி எக்ஸ்கதிர்களைத் திருப்பி அனுப்பும். அவற்றைப் பார்த்து அதில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பெட்டி சொல்லிவிடும். ஈயம், ஆன்டிமனி, பேரியம் மூன்றும் ஒரே துகளில் இருந்தால் அது துப்பாக்கி சுட்ட கை. அதற்கு மேல் பேச்சில்லை. நிபுணர்கள் லஞ்சம் வாங்குகிறார்கள், வருடக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள் என்று காரணம் சொல்லி, மனிதர்கள் சரிபார்க்கும் வேலையையே சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெட்டிதான் என் மகன் நிமலனைக் கொன்றவனைப் பிடித்துக் கொடுத்தது.

அப்போது கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு ஹாலுக்கு ஜிப்சம் சீலிங் போட்டுக்கொண்டிருந்தார்கள். வீடு முழுக்க வெள்ளைத் தூசி, சாப்பிடுகிற தட்டில்கூட. நான் கல்லூரியில் நிலவியல் பேராசிரியை, பகலில் வீட்டில் இருக்க மாட்டேன். நிமலன் தன் அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்ப்பான். ஹாலில் சாரத்தின் மேல் ஆறுச்சாமி என்ற வேலைக்காரர் ஒருவர் மட்டும். சாயங்காலம் நான் திரும்பி வரும்போது வாசலில் கூட்டம். நிமலன் அவன் அறையில் தரையில் கிடந்தான். ராணுவத்தில் கர்னலாக இருந்து காலமான என் கணவருடைய பிஸ்டல், பிறகு என் பெயருக்கு மாற்றிப் பீரோவில் வைத்திருந்தது, அவன் கையருகே இருந்தது. பீரோ திறந்திருந்தது.

பையன் தானே செய்துகொண்டானா என்று போலீஸ்காரர்கள் முதலில் மெதுவாகக் கேட்டார்கள். என் பிள்ளை அப்படிச் செய்கிறவன் இல்லை என்றேன். பெட்டியும் நான் சொன்னதையே சொன்னது. நிமலன் கையில் இருந்தது வெறும் சுவர்த் தூசி: கந்தகம், கால்சியம், டைட்டானியம். ஆறுச்சாமியின் கையில் ஈயம், ஆன்டிமனி, பேரியம். திருடப் போய் மாட்டிக்கொண்டு, சுட்டுவிட்டுத் தற்கொலை மாதிரி ஜோடித்திருக்கிறான் என்று தீர்ப்பாகி ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். தீர்ப்பு வந்த அன்று நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். வெறுக்க ஒரு ஆள் இருந்தால் சோறு இறங்குகிறது.

ஐந்து வருடம் அந்த வெறுப்பில்தான் ஓடியது. அதற்குப் பிறகுதான் துளசிமணி வர ஆரம்பித்தாள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு. ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்து என் கேட்டுக்கு வெளியே நிற்பாள். மணி அடிக்க மாட்டாள். யார் என்று தெரிந்ததும் நான் பால்கனிக்கே போவதை விட்டுவிட்டேன். ஒரு ஞாயிறு மழை கொட்டியது. அப்போதும் நின்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"கேட்டச் சாத்திப்போடாதீங்கம்மா. நான் ஆறுச்சாமி சம்சாரமுங்க. செத்தவங்களோட ரத்த சொந்தம் கையெழுத்துப் போட்டா மட்டும் அந்தத் தூசிய மறுக்காப் பாக்கலாமுன்னு வக்கீலு சொன்னாருங்க. ஒரே ஒரு வாட்டி. எங்களால கேக்க முடியாதுங்க. நீங்க கேட்டாத்தானுங்க உண்டு."

"பார்த்தா என்ன, ஈயம் தங்கமா மாறிடுமா?"

"அவரு செவுத்துக்குப் பட்டி பூசற மனுசனுங்க. துப்பாக்கிய சினிமாலதான் பாத்திருப்பாரு. இப்ப உள்ள போயி நெஞ்சுல சளி கட்டி, ரத்தமா வருதுங்க. பாத்துப்போட்டு, ஈயமுன்னே சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் இந்தப் பக்கமே வரமாட்டனுங்க."

கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இந்தப் பெண் வருவது நிற்கட்டும் என்றுதான் மனுவில் கையெழுத்துப் போட்டேன். வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை. எங்கள் துறையில் கல்லையும் மண்ணையும் பார்க்கிற பெரிய எலெக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிறது, அதில்தான் பார்க்க வேண்டும், இவளும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அனுமதி வந்தது. ஆறுச்சாமியின் வட்டும் நிமலனின் வட்டும் சீல் வைத்த டப்பாவில் வந்தன. சட்டைப் பொத்தான் அளவு அலுமினிய வட்டுகள், மேலே கறுப்பு ஒட்டுநாடா.

நுண்ணோக்கிக்குப் பொறுப்பு இம்மானுவேல். அதிகம் பேசாதவர், என்னோடு இருபது வருடம் வேலை பார்த்தவர். ஆறுச்சாமியின் வட்டை உள்ளே வைத்துக் காற்றை இழுத்துவிட்டு, பெட்டி எவ்வளவு வோல்டேஜில் பார்த்ததோ அதே வோல்டேஜில் முதலில் பார்த்தார். திரையில் ஓடிய பச்சைக் கோட்டில் மூன்று மேடுகள் எழுந்தன.

"இதாங்களா ஈயம்?" என்றாள் துளசிமணி.

"இந்த மேடு இருக்கிற இடத்துல ஈயமும் வரும், கந்தகமும் வரும்" என்றேன். "அடுத்த மேட்டுல ஆன்டிமனியும் கால்சியமும். இதுல பேரியமும் டைட்டானியமும். ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்துக்கும்."

"அப்புறம் எப்படிங்க இன்னாருன்னு கண்டுபிடிக்கறது?"

எனக்குப் பாடம் எடுக்கிற பழக்கம் போகவில்லை. "ரேஷன் கார்டு மாதிரி நினைச்சுக்குங்க. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு குடும்பம் உண்டு. இங்க தெரியறது குடும்பத்துல ஒரே ஒரு ஆளோட முகம். ஜாடை ஒத்துப் போகுதுன்னு இவர்தான் அவர்னு சொல்லிட முடியாது. கார்டுல இருக்கிற மத்தவங்களையும் கூப்பிட்டுப் பார்க்கணும். ஈயத்துக்கு ரொம்ப தூரத்துல, வலது பக்கம் அதோ அந்தக் கோடிக்கிட்ட, அண்ணன் தம்பி ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க லேசுல வெளியே வர மாட்டாங்க, கற்றையோட வேகத்தைக் கூட்டணும். பெட்டிக்கு அந்தத் தெம்பு இல்லை. இதுக்கு இருக்கு. ஈயம்னா அவங்க வந்தே ஆகணும். கந்தகத்துக்கு அந்தப் பக்கம் நாதியே கிடையாது."

"அவங்க வந்தாங்கன்னா?"

"உங்க வீட்டுக்காரர் சுட்டார்."

அவள் தலையை ஆட்டினாள். இம்மானுவேல் வேகத்தைக் கூட்டினார்.

வந்துவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன். வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். திரையின் வலது கோடியில் பச்சைக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள் என்றேன். விட்டார். வேறு துகளுக்குப் போகச் சொன்னேன். போனார். எந்தத் துகளிலும் அந்த இடத்தில் புல் முளைத்த அளவுகூட எழும்பவில்லை. பேரியம் என்றால் ஒன்றன் பின் ஒன்றாக நாலு மேடுகள் சிறுத்துக்கொண்டே போக வேண்டும், அதுவும் இல்லை. கடைசியில் துகளின் படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். ஊசி ஊசியாக, பட்டை பட்டையாகப் படிகங்கள். முதலாண்டு மாணவனும் சொல்லிவிடுவான். சுத்தமான ஜிப்சம், ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டின் டைட்டானியம். சீலிங் போடுகிறவன் கையில் வேறு என்ன இருக்கும்?

"வரலீங்களா?" என்றாள்.

"வரலை."

"அப்ப?"

"ஈயம் இல்லைம்மா. கந்தகம்தான்."

அவள் அழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, வக்கீலுக்குப் போன் பண்ணிவிட்டு டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. ஐந்து வருடமாக எழுந்ததும் முதல் வேலையாக நான் ஒரு மனிதனைச் சபித்திருக்கிறேன். இனி காலையில் எழுந்து என்ன செய்வது?

சந்தேகமான ஒன்றைப் பார்த்தால் தெரிந்த ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு எழுதுவோம். எங்கள் துறையில் அது பல் தேய்ப்பது மாதிரி, யோசித்துச் செய்வதில்லை. சுவர்த் தூசி என்று ஏற்கெனவே தீர்மானமான வட்டு ஒன்று டப்பாவில் இருந்தது. அதையும் வைத்துவிடுங்கள், இரண்டும் ஒரே தூசி என்று ஒரு வரி எழுதிவிடலாம் என்று சொன்னேன். என் பிள்ளையின் கையைத் தொட்ட ஒட்டுநாடா என்ற நினைப்பு வட்டு உள்ளே போன பிறகுதான் வந்தது.

படம் விழுந்தது. முதலில் அதே ஊசிகள். ஹாலில் பறந்த தூசி அவன் கையிலும் படிந்திருந்தது. இம்மானுவேல் படத்தை நகர்த்திக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நின்றார். ஊசிகளுக்கு நடுவில் ஒரு உருண்டை. உருகிச் சொட்டி உறைந்த துளி. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஒரு கூட்டமே.

ஜிப்சம் உருண்டையாக இருக்காது. எரிமலைச் சாம்பலில் இப்படிப் பார்த்திருக்கிறேன், வெல்டிங் பட்டறைத் தூசியில் பார்த்திருக்கிறேன். பெருஞ்சூட்டில் ஆவியாகிக் கண நேரத்தில் உறைந்தால்தான் இந்த வடிவம் வரும்.

இம்மானுவேல் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "மேடம், வேண்டாம். எடுத்துடறேன்."

"வேகத்தைக் கூட்டுங்க."

"மேடம்."

"கூட்டுங்க இம்மானுவேல்."

வலது கோடியில் ஈயத்தின் அண்ணன் எழுந்தான். கொஞ்சம் தள்ளித் தம்பியும் எழுந்தான். பேரியம் நாலு படியாக இறங்கியது. ஆன்டிமனி கால்சியத்தின் தோளுக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றது. மொத்தக் குடும்பமும் வந்துவிட்டது. அரை மணி நேரத்துக்கு முன்னால் ஆறுச்சாமிக்கு எது வர வேண்டும் என்று வேண்டினேனோ அது அட்சரம் பிசகாமல் என் மகனுக்கு வந்தது.

அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. துக்கத்தில் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தது போல அதைப் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு பேருக்கும் பெட்டியில ஒரே மாதிரி மூணு மேடுதானே விழுந்திருக்கும்? அவருக்கு எப்படி ஈயம்னு சொல்லுச்சு, இவனுக்கு எப்படிக் கந்தகம்னு சொல்லுச்சு?"

இம்மானுவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெட்டி தூசியை மட்டும் பார்க்கிறதில்லை மேடம். ரெண்டுல எதுன்னு சந்தேகம் வந்தா ஆளைப் பார்க்கும். என்ன தொழில், எந்தத் தெரு, அந்தத் தெருவுல எத்தனை பேர் மேல கேஸ் இருக்கு, அப்பா என்ன செஞ்சார், எல்லாம். அதை வச்சு எது நடந்திருக்க வாய்ப்பு அதிகமோ அந்தப் பேரைச் சொல்லும். அப்படிச் செஞ்சா நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியா வருதாம்."

"யாரை வச்சு சரி பார்த்தாங்க?"

"தண்டனை ஆனவங்களை வச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியாது. கர்னல் மகன், பேராசிரியை மகன், நல்ல தெரு. அதனால் என் பிள்ளையின் கையில் ஈயம் இருக்க முடியாது. பெட்டி என் மாதிரியே யோசித்திருக்கிறது.

அழுது முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு இம்மானுவேல் மெதுவாகச் சொன்னார். "மனுவுல ஆறுச்சாமி பேரு மட்டும்தான் இருக்கு. நிமலனோட வட்டைப் பத்தி நாம எழுதணும்னு கட்டாயம் இல்லை. அவர் வெளியே வந்துடுவார். நமக்கு அதுதானே வேணும்?"

நல்ல மனிதர். எனக்காகத்தான் சொன்னார். ஒரு நிமிடம் அந்த வார்த்தைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. நிமலனை யாரோ கொன்றார்கள், யாரென்று தெரியவில்லை. அப்படியே வைத்துக்கொள்ளலாம். அம்மா கல்லூரிக்குப் போன ஒரு சாதாரண நாளில் அவன் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தான் என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

"அவரை விட்டுட்டா கேஸ் என்ன ஆகும்?" என்றேன்.

"திறந்துடும். கொலை கொலையாவே இருக்கும். பெட்டிக்கு வேற கை வேணும். அன்னிக்கு வீட்டுக்கு யார் யார் வந்தாங்களோ அவங்க சாம்பிள் எல்லாம் எடுத்து வச்சிருப்பாங்க."

தண்ணீர் கேன் போடுகிறவர். கார்பெண்டர். பாத்திரம் தேய்க்க வருகிற சகுந்தலா. அந்த ஹாலைத் தாண்டித்தான் எல்லாரும் உள்ளே வந்தார்கள். எல்லார் கையிலும் அதே வெள்ளைத் தூசி, அதே மூன்று மேடுகள். அவர்களில் ஒருவர்கூட நல்ல தெருவில் குடியிருக்கவில்லை.

"ரெண்டு வட்டையும் எழுதுங்க" என்றேன். "மேல என் பேரைப் போடுங்க. உறவு முறைன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல அம்மான்னு போடுங்க."

துளசிமணி மூன்று டீயோடு வந்தாள். வக்கீலிடம் பேசிய பூரிப்பு முகத்தில் இருந்தது. அதை மறைக்கவும் முயன்றாள். என்னிடம் ஒரு கிளாஸை நீட்டிக்கொண்டே, கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, கேட்டாள். "அப்ப தம்பிய யாருங்கம்மா சுட்டது?"

"அவனேதான்" என்றேன். ஐந்து வருடத்தில் முதல் முறையாக அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லவில்லை. "உங்க மேல எனக்கு நெறையக் கோவமிருக்குதுங்க. கோர்ட்டுல வெச்சு அவர நீங்க பாத்த பார்வை கண்ணுலயே நிக்குது. இன்னைக்கு வேண்டாமுங்க. வேறொரு நாளைக்குக் கோவப்பட்டுக்கறேன். டீ ஆறிப்போகுது, குடிங்க" என்றாள். குடித்தேன்.

ஆறுச்சாமி வெளியே வந்து சில நாள் கழித்துத் திருப்பூருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். கேட்கவும் செய்தேன். அவர் பதறிப்போய், "அதெல்லாம் எதுக்குங்கம்மா, உக்காருங்க" என்றார். ஆள் பாதியாகியிருந்தார். பேச்சுக்குப் பேச்சு இருமல். துளசிமணி உள்ளே சாதம் வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் உண்மையில் போனது வேறொன்றுக்காக. "அன்னைக்கு நிமலன் உங்ககிட்ட ஏதாவது பேசினானா?"

"கோர்ட்டுல அதச் சொல்லக் கூடாதுன்னு வக்கீலு சொல்லிப்போட்டாருங்க. சண்டை போட்டு வெளிய போகச் சொன்னாருன்னு திரிச்சுப்போடுவாங்கன்னு."

"இப்ப சொல்லுங்க."

"ரூமுக்குள்ள இருந்து வெளிய வந்தாருங்க. அண்ணா, இன்னைக்கு இத்தோட நிறுத்திட்டு வீட்டுக்குக் கிளம்புங்கண்ணான்னாரு. பொழுதோட போனீங்கன்னா பாப்பா தூங்காம இருக்குமில்லன்னாரு. அதுக்கு முந்தி ஒரு நாளு, நான் போறதுக்குள்ள பாப்பா தூங்கிப்போகுதுன்னு டீ குடிக்கறப்ப அவருகிட்ட சொல்லியிருந்தனுங்க. அத நெனவு வெச்சிருக்காரு பாருங்க."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"நான் அப்பத்தானுங்க வாளி நெறைய மாவு கலந்திருந்தேன். கலந்துட்டா விட்டுட்டுப் போக முடியாது, கொஞ்ச நேரத்துல கல்லாப் போயிரும். அரைகுறையா விட்டா பலகை ஜாயிண்டும் வெடிச்சிரும். இத மட்டும் பூசிப்போட்டுப் போறேன் தம்பின்னேன். நின்னு என்னையவே பாத்துட்டு இருந்தாருங்க. அப்புறம், சரிங்ணா, பாத்துப் பூசுங்கன்னு போட்டு உள்ள போயிட்டாரு. வாளியக் கொட்டிப்போட்டுக் கிளம்பியிருந்தா எனக்கு ஜெயிலு இல்லீங்க. ஜெயிலு போனாப் போகுதுங்க. உள்ள போயி, என்ன தம்பி, ஏன் ஒரு மாதிரி இருக்கறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ராத்திரியானா அதுதானுங்க வந்து நிக்குது."

"அதை நீங்க சுமக்காதீங்க" என்றேன். "அது என்னோடது."

தான் சாகப்போகிற நேரத்தில், யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தை அப்பா வருவதற்குள் தூங்கிவிடக் கூடாதே என்று என் பிள்ளை நினைத்திருக்கிறான். ஏன் செய்தான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இது ஒன்றுதான் தெரியும். அவன் போகச் சொன்ன வீட்டுக்கு ஆறுச்சாமி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார்.

பள்ளி விட்டு அவருடைய பெண் வந்தாள். பன்னிரண்டு வயதிருக்கும், அப்பாவின் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். ஆள் வருகிற சத்தம் கேட்டதும் அவர் சட்டென்று எழுந்து, கையைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, சுவரோரமாக நின்றார். ஜெயிலில் அப்படித்தான் நிற்க வேண்டுமாம். வந்தது யாரென்று தெரிந்த பிறகும் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே, "பாப்பா" என்று கூப்பிட்டார்.

அவள் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று, யாரைக் கூப்பிடுகிறார் என்பதுபோல் உள்ளே அம்மாவைப் பார்த்தாள்.